ஒன்றேகால் மீட்டரில் ஒரு மாறுவேடம்

தையல் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மாறுவேடப் போட்டியைப் பற்றியவை. ஆகஸ்ட் 15, கிருஷ்ண ஜெயந்தி, நவம்பர் 14, டிசம்பர் 11 என்று பள்ளிக்கூடங்கள் வரிசையாக நாள் வைத்துக்கொண்டே போகின்றன. குழந்தையின் டைரியில் மூன்று நாளைக்கு முன்னால் ஒரு வரி எழுதி அனுப்புவார்கள், வீட்டில் தூக்கம் போய்விடும். அதனால் ஜாக்கெட், சுடிதார் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மகளுக்கு நாலரை வயது. காய்கறி வேடம், அவளுக்குக் கேரட் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். எனக்குப் புடவைக்கு ஓரம் அடிக்கத் தெரியும், தலையணை உறை தைப்பேன், அவ்வளவுதான். அட்டையில் வெட்டி மாட்டிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். துணியில் தைக்க ஏதாவது சுலபமான வழி இருக்கிறதா?
– எல்.கே.ஜி. அம்மா, கோவில்பட்டி

அட்டை வேண்டாம். அட்டையை மாட்டிய குழந்தை உட்கார முடியாது. மேடைக்கு வெளியே தன் முறை வரும்வரை அரை மணி நேரமாவது நிற்க வேண்டியிருக்கும், அதற்குள் அழுதுவிடும். தலையணை உறை தைப்பவருக்கு இந்த அங்கி கைவராமல் போகாது, ஏனென்றால் இதில் இரண்டே இரண்டு நேர்த்தையல்தான்.

ஆரஞ்சு நிற பாப்ளின் 44 பன்னாவில், அதாவது 44 இன்ச் அகலத்தில், ஒன்றேகால் மீட்டர் வாங்குங்கள். சாட்டின் பளபளப்பாக இருக்கும், ஆனால் வேர்க்கும், கத்தரி வைத்த இடமெல்லாம் நூல் பிரியும், மிஷினில் வழுக்கும். புதிதாகத் தைப்பவர் அதைத் தொட வேண்டாம். துணியை ஒரு முறை தண்ணீரில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். பருத்தி என்றால் சுருங்குவது இப்போதே சுருங்கட்டும், சாயம் போகிற துணியாக இருந்தாலும் இப்போதே தெரிந்துவிடும்.

அளவு எடுக்க மூன்று இடம் போதும்: மார்புச் சுற்று, தோளிலிருந்து முட்டி வரை நீளம், தலைச்சுற்று. நாலரை வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் மார்பு 22 இன்ச், நீளம் 21 அல்லது 22, தலை 20 இன்ச் வாக்கில் இருக்கும். உங்கள் மகளுக்கு எவ்வளவு என்று டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள், என் கணக்கை நம்பி வெட்ட வேண்டாம்.

இப்போது துணியை நீளவாக்கில் பாதியாக மடியுங்கள், அதாவது ஒன்றேகால் மீட்டர் நீளம் 24 இன்ச் சொச்சமாக ஆக வேண்டும். இந்த மடிப்புதான் தோள், அதனால் தோளில் தையலே கிடையாது. மடித்ததை மறுபடி அகலவாக்கில் மடியுங்கள், ஆனால் சரிபாதியாக வேண்டாம், மேல் மடல் 12 இன்ச் இருந்தால் போதும். மீதி ஒற்றையாக ஒதுங்கி நிற்கும், அது பிறகு எதற்காவது உதவும். நான்கு அடுக்கு இருக்கிற இடத்தில் சாக்பீஸால் குறியுங்கள். மார்புக்குத் தளர்ச்சி 6 இன்ச் சேர்த்தால் 28, அதில் கால் பங்கு 7, உள்தையலுக்கு ஒரு இன்ச் சேர்த்தால் 8. பக்கவாட்டு மடிப்பிலிருந்து 8 இன்ச் தள்ளி ஒரு கோடு கீழே வரை. தோள் மடிப்பிலிருந்து 6 இன்ச் இறக்கிக் கை அகலம், கை நீளம் மடிப்பிலிருந்து 11 இன்ச் வரை. கைக்கும் உடம்புக்கும் சேர்கிற மூலையைக் கூராக விடாமல் வளைத்துவிடுங்கள். கீழே 8 என்பதை 10 ஆக அகட்டினால் குழந்தை ஓடுவதற்கு இடம் கிடைக்கும். வெட்டி விரித்தால் குட்டை கை வைத்த அங்கி, ஒரே துண்டாக.

கழுத்தில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். பார்வைக்கு அழகாக 5 இன்ச் அகலம், முன்னால் இரண்டரை, பின்னால் ஒரு இன்ச் இறக்கம் என்று வெட்டினால் அந்த வட்டத்தின் சுற்றளவு சுமார் 14 இன்ச்தான் வரும். தலையோ 20 இன்ச். மாட்டவே முடியாது, இழுத்தால் காது வலிக்கும். அதற்காகக் கழுத்தைப் பெரிதாக வெட்டினால் தோள் நழுவிக்கொண்டே இருக்கும். பின் கழுத்தின் நடுவில் நேராக 4 இன்ச் ஒரு வெட்டு விடுங்கள். இரண்டு ஓரமும் சேர்ந்து சுற்றளவில் 8 இன்ச் கூடிவிடும், தலை சுலபமாக நுழையும். மிச்சத் துணியிலிருந்து குறுக்காக, 45 டிகிரி சாய்வில், ஒன்றேகால் இன்ச் அகலத்தில் கிராஸ் பட்டி வெட்டிக் கழுத்தைச் சுற்றி அடித்து உள்ளே மடித்துத் தைத்துவிடுங்கள். நேராக வெட்டிய பட்டி வளைவில் படியாது, சுருங்கி நிற்கும். வெட்டின் வாயில் சின்ன வெல்க்ரோ துண்டு வையுங்கள். வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கம் அடி மடலில், வெளியே பார்த்தபடி இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் குழந்தையின் பிடரியைப் பிறாண்டும்.

அப்புறம் நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு மடித்து, கை ஓரத்தில் தொடங்கிக் கக்கம் வழியாக இடுப்பு, அடி வரை ஒரே ஓட்டம். இரண்டு பக்கமும் அப்படியே. கக்க வளைவில் தையலைத் தொடாமல் நான்கைந்து இடத்தில் சின்னதாகக் கத்தரி வெட்டு கொடுத்தால் திருப்பும்போது இழுக்காது. அடியிலும் கையிலும் ஓரம் மடித்து அடியுங்கள். வேலை முடிந்தது.

இதுவரை அது ஆரஞ்சு நைட்டிதான், கேரட் இல்லை. கேரட் என்று சொல்லப்போவது தலையில் இருக்கும் இலை. பச்சைத் துணி மூன்று நான்கு நிறத்தில் இருந்தால் இன்னும் நல்லது; நீள நீளமாக இலை போல வெட்டி, இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்து, நடுவில் பூக்கட்டும் மெல்லிய கம்பியை வைத்து, ஹேர் பேண்டில் இறுக்கிக் கட்டிவிடுங்கள். கம்பியின் இரண்டு நுனியையும் வளைத்துச் சுருட்டித் துணிக்குள் மூட மறக்க வேண்டாம். அங்கியில் பழுப்பு நிறத் துணி பெயிண்டால் அங்கங்கே குட்டிக் கோடு போட்டால் போதும். முழுக்கக் கூம்பு மாதிரி கீழே குறுக்கித் தைக்கத் தோன்றும், செய்யாதீர்கள், படி ஏறும்போது தடுக்கி விழுவாள்.

நான் யாருக்குத் தைத்துக் கொடுத்தாலும் பார்ப்பது இதைத்தான்: ஒரு வேடத்துக்கு ஒரு அடையாளம். அதை நன்றாகச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் சாதாரணச் சட்டையாக இருக்கலாம். இந்த அங்கியின் அளவை ஒரு செய்தித்தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். ஊதா பாப்ளினில் வெட்டித் தலையில் பச்சைக் காம்பு வைத்தால் கத்தரிக்காய். சிவப்பில் வெட்டி அடியில் எலாஸ்டிக் ஓட்டினால் தக்காளி. தக்காளிக்குள் பஞ்சு அடைக்காதீர்கள், சூடு தாங்காது. பழைய நெட் துணியைக் கசக்கி உள்ளே வைத்தால் உப்பியும் நிற்கும், காற்றும் போகும்.

என் பேரனுக்குப் பாரதியார் வேடம். தலைப்பாகை கட்டிவிட்டால் இரண்டு நிமிடத்தில் அவிழ்ந்து கண்ணை மறைக்கிறது. ஊக்கு குத்தலாமா?
– பாரதி பிரியர், எட்டயபுரம் சாலை, தூத்துக்குடி

ஊக்கு குத்தவே கூடாது ஐயா, அதுவும் தலையில். தலைப்பாகையைக் குழந்தையின் தலையில் கட்டுவதையே விட்டுவிட்டுத் தைத்து வைத்துக்கொள்ளுங்கள், தொப்பி போல எடுத்து மாட்டிவிடலாம்.

வீட்டில் ஏதாவது பழைய துணித் தொப்பி கிடக்கும். அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைத் தையலோடு ஒட்டி வெட்டி எறிந்துவிடுங்கள். தலைச்சுற்று 20 அல்லது இருபதரை என்றால் விட்டம் ஆறரை இன்ச் வரும். அந்த அகலத்துக்கு அடுக்களையில் ஒரு தூக்குவாளியோ டப்பாவோ கட்டாயம் இருக்கும். அதைக் கவிழ்த்து மேலே தொப்பியை மாட்டுங்கள். எட்டு முழ வேட்டி பழையது இருந்தால் ஓரத்திலிருந்து ஒரு அடி அகலத்தில் நீளமாகக் கிழித்துக்கொள்ளுங்கள், வேட்டியின் முழு நீளமும் வேண்டும் என்பதில்லை, இரண்டரை மீட்டர் தாராளம். லேசாக முறுக்கி முறுக்கித் தொப்பியைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு சுற்றையும் வெள்ளை நூலால் தொப்பியோடு சேர்த்து நாலு இடத்தில் பிடித்துத் தைக்க வேண்டும், தையல் மடிப்புக்குள் மறைந்துவிடும். கடைசியில் ஒரு முழம் தொங்கலாக விடுங்கள், அந்த வால் தோளில் விழுந்தால்தான் பாரதி.

கோட்டுக்குத் தனியாகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன அதே அங்கியைக் கறுப்பு பாப்ளினில், கை மட்டும் முழு நீளமாக வரும்படி மிச்சத் துணியை ஒட்டுக் கொடுத்துத் தைத்து, முன்பக்கம் நடுவில் மேலிருந்து கீழ் வரை வெட்டி ஓரம் மடித்தால் கோட்டுதான். உள்ளே அவனுடைய வெள்ளைச் சட்டை, கீழே வேட்டி. மீசையைக் கடையில் வாங்கி ஒட்டாதீர்கள், பசை தோலில் எரியும், மேடையில் பாதி மீசை தொங்கினால் பேசவந்த வரியும் மறந்துபோகும். புருவம் தீட்டும் பென்சிலால் வரைந்துவிடுங்கள், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும்.

போட்டிக்கு முன்னாலேயே பேரனுக்கு ஒருமுறை இதை மாட்டிவிட்டு, "காணி நிலம்" சொல்லச் சொல்லிப் பாருங்கள். கையை ஆட்டும்போது தலைப்பாகை அசையாமல் இருந்தால் சரி.

தையல் மிஷின் இல்லை. கையாலேயே தைத்தால் கிழிந்துவிடுமா?
– ஒரு வாசகி, வாணியம்பாடி

கிழியாது. பக்கத் தையலைப் பின்தையலாகப் போடுங்கள், அதாவது ஊசி ஒரு எட்டு முன்னே போய் வெளியே வந்து, அரை எட்டு பின்னே வந்து குத்த வேண்டும். ஓரம் மடிப்பதற்குச் சாதாரண ஹெம்மிங் போதும். வெறும் ஓட்டுத் தையலில் பக்கத்தைச் சேர்த்தால்தான் குழந்தை கையைத் தூக்கும்போது படக்கென்று விடும். டி.வி. பார்த்துக்கொண்டே இரண்டு மூன்று ராத்திரியில் முடித்துவிடலாம். ஃபெல்ட் துணி வாங்கினால் இன்னும் வசதி, நூல் பிரியாது என்பதால் ஓரம் மடிக்கவே வேண்டாம். ஆனால் முழு உடையை ஃபெல்ட்டில் தைக்காதீர்கள், கம்பளி போல வெக்கையாக இருக்கும். இலை, காது, கிரீடம், பொட்டு மாதிரி சின்னச் சின்னதுக்குத்தான் அது.

வண்ணத்துப்பூச்சிச் சிறகு கடையில் கம்பி வைத்து விற்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் குழந்தையின் கண்ணில் குத்திவிடுமோ என்று பயமாக இருக்கிறது. துணியில் சிறகு செய்ய முடியுமா, அதைக் கழுத்தில் நாடா வைத்துக் கட்டிவிடலாமா?
– இரட்டையரின் தாய், ஒரத்தநாடு

துணிச் சிறகுதான் நல்லது, குழந்தை கையை விரித்தால் விரியும், மடக்கினால் மடங்கும், வேனில் உட்காரலாம். ஆனால் நாடாவைக் கழுத்தில் கட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். சறுக்குமரத்திலோ கதவுக் கைப்பிடியிலோ சிறகு மாட்டிக்கொண்டால் நாடா கழுத்தை இறுக்கும். குழந்தை உடையில் கழுத்துப் பக்கம் இழுத்துக் கட்டும் கயிறு எதுவும் கூடாது. மேலங்கியோ சூப்பர்மேன் போர்வையோ எதுவானாலும் இதே கதைதான். சிறகைத் தோளில் இரண்டு வெல்க்ரோ துண்டால் சட்டையோடு ஒட்டுங்கள். யாராவது இழுத்தால் சிறகு கழன்று வரும், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

அளவுக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. இரண்டு கையையும் விரித்தால் ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனி வரை ஏறக்குறைய அந்தக் குழந்தையின் உயரம்தான். ஒரு மீட்டர் உயரம் என்றால் மணிக்கட்டிலிருந்து மணிக்கட்டு வரை 30, 31 இன்ச் வரும். 44 பன்னாத் துணியை அகலவாக்கில் நடுவில் மடித்து, மேல் ஓரத்தை மணிக்கட்டு அளவோடு நிறுத்தி, கீழ் ஓரத்தைப் பெரிய வளைவு ஒன்று, சின்ன வளைவு ஒன்று என்று வரைந்து வெட்டினால் இரண்டு சிறகும் ஒரே மாதிரி அமையும். முழங்காலுக்குக் கீழே இறங்க வேண்டாம், மிதித்துவிடுவார்கள். மணிக்கட்டுக்கு அரை இன்ச்சுக்கும் குறைந்த மெல்லிய எலாஸ்டிக்கில் தளர்வான வளையம் வைத்துத் தைத்துவிடுங்கள். பொட்டுகளுக்கு ஜாக்கெட் பிட்டு போதும், வெட்டி ஒட்டி ஓரத்தில் ஒரு தையல். இரண்டு குழந்தைக்கும் வேறு வேறு நிறம் வையுங்கள். ஒரே நிறம் வைத்தால் எது யாருடையது என்ற சண்டையை நீங்கள்தான் தீர்க்க வேண்டியிருக்கும்.

நெட் துணிக்கும் சாட்டினுக்கும் 11 நம்பர் மிஷின் ஊசி போடுங்கள், பாப்ளினுக்கு 14. தடித்த ஊசியால் நெட்டைத் தைத்தால் ஓட்டை ஓட்டையாக விழும். இன்னொன்று, இந்த நெட், சாட்டின் எல்லாம் பெரும்பாலும் பாலியஸ்டர், தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். குத்துவிளக்கு ஏற்றிய மேடைக்குப் பக்கத்தில் சிறகோடு நிறுத்த வேண்டாம் என்று ஆசிரியையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தீபாவளி சமயத்தில் அதே சிறகை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓட விடாதீர்கள்.

மகனுக்கு ஐந்து வயது. நேரு, காந்தி எல்லாம் வேண்டாம், நான் ஆட்டோக்காரர்தான் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். பள்ளியில் இதையெல்லாம் ஒத்துக்கொள்வார்களா?
– ஒரு அப்பா, மதுரை

தாராளமாக. நடுவர்களும் வரிசையாகப் பத்து நேருவைப் பார்த்துவிட்டு ஒரு ஆட்டோக்காரர் வந்தால் நிமிர்ந்து உட்காருவார்கள். இந்தப் பக்கத்துக்கு அப்பாக்கள் எழுதுவது அபூர்வம், அதனால் உங்களுக்குக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

புதுத்துணி வாங்க வேண்டாம். பெரியவர்களின் பழைய காக்கிச் சட்டை ஒன்று தேடிப் பிடியுங்கள். பட்டன், காஜா, காலர் எல்லாம் ஏற்கெனவே தைத்திருப்பதை அப்படியே பயன்படுத்திக்கொள்ளப் போகிறோம், புதிதாகத் தைப்பவருக்கு வராத வேலை அதுதானே. மகனுடைய தளர்வான சட்டை ஒன்றை மடித்துக் காக்கிச் சட்டையின் மேல் வையுங்கள், நடு பட்டன் வரிசை ஒன்றுக்கொன்று சரியாக அமர வேண்டும். சுற்றிலும் ஒரு இன்ச் விட்டுப் பக்கத்தையும் தோளையும் வெட்டுங்கள். கையை அடியிலிருந்து வெட்டாமல், கை ஓரம் மடித்த பக்கத்தை வைத்துக்கொண்டு மேல் பகுதியைக் குறைத்தால் ஓரம் அடிக்கிற வேலை மிச்சம். பெரியவர் சட்டையின் காலர் குழந்தைக்கு அகன்று நிற்கும். பின் கழுத்து நடுவில் ஒரு பெரிய மடிப்பு பிடித்துத் தைத்துவிடுங்கள், பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள். சட்டைப்பை வயிற்றுக்கு வந்துவிடும். அதைப் பிரித்து மேலே ஏற்றித் தைத்தால்தான் அசலாக இருக்கும், அதில் ஒரு பேனா, மடித்த பத்து ரூபாய் நோட்டு.

ஆட்டோவை அட்டையில் செய்து இடுப்பில் மாட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கேட்காதீர்கள். அவன் கையில் ஒரு பழைய ரப்பர் ஹாரனைக் கொடுங்கள், அவனே ஆட்டோவைக் கொண்டுவந்துவிடுவான்.

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மூன்று வயதுக் குழந்தைக்கு வேடம் போடுவதாக வேண்டியிருக்கிறோம். குரங்கு வேடம் என்று முடிவாகியிருக்கிறது. வாடகைக்கு எடுத்தால் உரோமத் துணியில் கொடுக்கிறார்கள், குழந்தைக்கு ஒத்துக்கொள்ளுமா?
– நேர்த்திக்கடன் குடும்பம், நாசரேத்

நேர்த்திக்கடனுக்குப் போடுகிற வேடம் பள்ளி வேடம் மாதிரி ஐந்து நிமிட மேடை இல்லை. வீடு வீடாக, கடை கடையாகப் போய்க் காணிக்கை வாங்கி, முத்தாரம்மன் கோயிலில் சேர்க்கிற வரைக்கும் குழந்தை அதில் இருக்க வேண்டும். அந்தக் கடற்கரை மணலில், பத்தாம் நாள் சூரசம்ஹாரக் கூட்டத்தில் பெரியவர்களுக்கே மூச்சு முட்டும். உரோமத் துணி கூடவே கூடாது. போன வருஷம் யார் போட்டது, துவைத்தார்களா என்பதும் தெரியாது.

பழுப்பு நிறப் பருத்தி பனியன் துணியில், அவனுடைய இரவு உடையின் மேல் வைத்து வரைந்து, தளர்வாக மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத் தையுங்கள். இரண்டும் ஒட்டிய ஒரே உடை வேண்டாம், மூன்று வயதில் ஒன்றுக்கு வருகிறது என்று சொன்ன பிறகு உங்களுக்கு அரை நிமிடம்தான் அவகாசம். பனியன் துணி இழுபடும் என்பதால் தையலைச் சற்று நெருக்கமாக வைத்து, துணியை இழுக்காமல் மிஷினில் விடுங்கள். மெல்லிய காட்டன் தொப்பியில் ஃபெல்ட் காது இரண்டு. முகமூடி வேண்டாம், பக்கத்தில் வருகிறவர் தெரியாது, வேர்வை கண்ணில் இறங்கும். முகத்துக்கு வர்ணம் பூசுவதானால் முந்தின நாளே முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவிப் பாருங்கள், சிவந்தால் அந்த வர்ணம் வேண்டாம். மூக்கு நுனியில் ஒரு பொட்டு வைத்தாலே போதும்.

வாலைச் சட்டையோடு சேர்த்துத் தைத்துவிடாதீர்கள். கூட்டத்தில் யாராவது மிதித்தால் குழந்தை மல்லாந்து விழும். கால்சட்டையின் பின்னால் இரண்டு பிரஸ் பட்டன் வைத்து வாலை அதில் மாட்டுங்கள், இழுத்தால் தானாகக் கழன்றுவிடும். முழங்கால் வரை நீளம் போதும். அப்புறம் மேல்சட்டையின் உட்புறத்தில் வெள்ளைத் துணித் துண்டு ஒன்றில் உங்கள் கைபேசி எண்ணை அழியாத மையில் எழுதித் தைத்துவிடுங்கள். வெளியே தெரிகிற மாதிரி பெயர் எழுத வேண்டாம், எண் உள்ளே இருந்தால் போதும். வால், காது எல்லாவற்றையும்விட இந்தத் துண்டைத்தான் நான் முதலில் தைப்பேன்.

வேலு நாச்சியார் வேடத்துக்கு மாமியாரின் பழைய பட்டுப்புடவையை வெட்டித் தைக்கலாமா? அவரே கொடுத்தார்.
– மருமகள், சிவகங்கை

அவர் கொடுத்தது நல்ல மனது, அதற்காக நீங்கள் கத்தரி வைக்க வேண்டாம். நீளத்தில் பாதியாக மடித்து, இடுப்பு அளவுக்குக் கொசுவம் வைத்து, பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் பருத்தி நாடாவில் பிடித்துக்கொள்ளுங்கள். போட்டி முடிந்ததும் நூலை உருவினால் புடவை புடவையாக அவர் பீரோவுக்குப் போய்விடும். குழந்தையின் உயரத்துக்கு அகலம் அதிகமாக இருக்கும், மேலே உள்பக்கமாக மடித்துவிடுங்கள். பட்டு கனமென்றால் வெளுத்த காட்டன் புடவைக்கு ஜரிகை பார்டர் வைத்துத் தைப்பது இன்னும் மேல். இடுப்பில் ஒரு பட்டைத் துணி, வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை வாள். வாளின் நுனியை மட்டும் வட்டமாக வெட்டிவிடுங்கள். அந்த வயதில் வாள் கிடைத்த பிறகு வசனம் நினைவிருக்காது.

கிருஷ்ணனுக்குப் பஞ்சகச்சம் கட்டிவிட்டால் பாத்ரூம் போகும்போது எல்லாம் அவிழ்க்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் இதே கூத்து.
– யசோதை, கும்பகோணம்

மஞ்சள் பாப்ளின் ஒன்றரை மீட்டரில் கணுக்கால் வரை தொளதொளவென்று ஒரு கால்சட்டை தையுங்கள். இடுப்பில் எலாஸ்டிக், இடுப்பு 21 என்றால் 19 இன்ச் போதும், இறுக்கினால் தழும்பு விழும். முன்பக்க விசிறிக்கு 18 இன்ச் அகலத் துண்டு ஒன்றுக்கு அடியில் ஜரிகை பார்டர் வைத்து, மேலே மூன்று இன்ச்சாகக் கொசுவம் பிடித்து, இடுப்பில் மட்டும் சேர்த்துத் தையுங்கள். கீழே எங்கும் பிடிக்க வேண்டாம். பாத்ரூம் போகும்போது விசிறியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கால்சட்டையை இறக்கினால் ஆயிற்று. பார்ப்பவர்களுக்குப் பஞ்சகச்சம், உங்களுக்கு நிம்மதி.

எல்லாம் தைத்து முடித்தேன், மகள் போட மாட்டேன் என்கிறாள். போன வருஷமும் மேடையில் அழுதாள். என்ன செய்ய?
– ஒரு வாசகி, திருப்பத்தூர்

போட்டிக்கு அனுப்பாதீர்கள். நான்கு வயதுக் குழந்தை மேடை ஏறாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. உடையை எடுத்து உள்ளே வைக்காமல் பொம்மைக் கூடையிலேயே போட்டுவிடுங்கள், அவளாகவே என்றைக்காவது எடுத்து மாட்டுவாள். எதனால் வேண்டாம் என்கிறாள் என்பதையும் பார்த்துவிடுங்கள். பல சமயம் காரணம் மேடை இல்லை, கழுத்தில் குத்துகிற லேஸ். ஜரிகையின் பின்பக்கம், சமிக்கியின் முடிச்சு, உள்ளே விட்டுவிட்ட பிசிறு நைலான் நூல், இதில் ஏதாவது ஒன்று தோலில் படும். உடையைத் திருப்பி உங்கள் கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள், எங்கே உறுத்துகிறதோ அங்கே மெல்லிய மல் துணியை வைத்து மூடித் தைத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் மாட்டேன் என்றால் மாட்டேன்தான்.

ஒரு நாள் கூத்துக்கு இவ்வளவு துணி வீண்தானே? வாடகைக்கு எடுப்பது மேல் இல்லையா?
– சிக்கனக்காரர், ஈரோடு

நாளைக்குப் போட்டி, இன்றைக்குத்தான் டைரியைப் பார்த்தீர்கள் என்றால் வாடகைதான், வேறு வழியில்லை. அப்போதும் உடையை மட்டும் வாங்குங்கள், தலையில் வைக்கிற கிரீடம், விக்கு வேண்டாம், பேன் வரும். நாள் இருக்கிறதென்றால் தைப்பதில் வீண் எதுவும் இல்லை. உங்கள் ஊரில் துணிச் சந்தையில் பிட்டுத் துணி எவ்வளவு மலிவு என்று உங்களுக்கே தெரியும். அடியில் மூன்று இன்ச் உள்ளே மடித்து விட்டுத் தையுங்கள், வருஷா வருஷம் ஒரு இன்ச் இறக்கிக்கொள்ளலாம். இந்த வருஷத்துக் கேரட்டின் அடியில் எலாஸ்டிக் கோத்தால் அடுத்த வருஷம் பூசணிக்காய், அதற்கும் அடுத்த வருஷம் முன்பக்கம் வெட்டித் திறந்து வெள்ளைச் சட்டைக்கு மேல் போட்டால் விவேகானந்தர். அதற்குள் துணி வெளுத்திருந்தாலும் காவிக்கு அதுவே பொருத்தம்.